சி லோக்கேலில் யூடிஎஃப்-8 ஏன் இல்லை? போசிக்ஸ் விதி சொல்வது என்ன?

யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரநிலைப்படி, 'சி' அல்லது 'போசிக்ஸ்' என்ற லோக்கேல் (மொழி, எழுத்துக் குறியாக்கம், தேதி வடிவம் போன்றவற்றின் அமைப்புத் தொகுப்பு) எல்லாக் கணினியிலும் கட்டாயம் இருக்க வேண்டும். சி மொழியில் எழுதிய எந்த நிரலும் ஓடத் தொடங்கும்போது அதில்தான் இருக்கும். நிரலே கேட்டால்தான் பயனரின் மொழி அமைப்புக்கு மாறும்.

இந்த லோக்கேலில் ஒரு பைட் என்றால் ஒரு எழுத்து, மொத்தம் 256. பல பைட்டுகளைச் சேர்த்து ஓர் எழுத்தாக்கும் யூடிஎஃப்-8-க்கு அதனால் இங்கே இடமில்லை. 'தமிழ்' என்ற சொல்லை யூடிஎஃப்-8-இல் எழுதி எழுத்துகளை எண்ணச் சொன்னால், சி லோக்கேலில் 15 என்று வரும். யூடிஎஃப்-8 லோக்கேலில் 5 வரும். (இகரக் குறியும் புள்ளியும் தனிக் குறியீடுகள். நாம் எண்ணும் 3 இரண்டிலும் வராது.)

நம் மொழியை ஒதுக்குவதுபோலத் தோன்றினாலும், விதி சரியானது என்றே நினைக்கிறேன். கோப்புப் பெயரில் சாய்கோடும் பூஜ்ஜிய பைட்டும் தவிர எந்த பைட்டும் வரலாம் என்கிற கணினிகள் நிறைய. யூடிஎஃப்-8-இல் சில பைட் வரிசைகள் செல்லாதவை. அவற்றைப் பார்த்ததும் நிரல் பிழை சொல்லி நின்றுவிடலாம். சி லோக்கேலில் செல்லாத பைட் என்று ஒன்றே கிடையாது. எவ்வளவு சிதைந்த தரவையும் வரிசைப்படுத்தலாம், தேடலாம். இந்த உத்தரவாதம் ஓரிடத்திலாவது இருந்தாக வேண்டும்.

சரி, அப்படியானால் தமிழ்ப் பயனர் என்ன செய்வது? விதி கட்டுப்படுத்துவது போசிக்ஸ் லோக்கேலை மட்டுமே, கணினியின் இயல்பு லோக்கேலை அல்ல. பயனரின் அமைப்பைக் கேட்கும் நிரல் முதலில் எல்சி_ஆல் என்ற சூழல் மாறியைப் பார்க்கும், அப்புறம் எழுத்து, வரிசைமுறை, தேதி என அந்தந்தப் பிரிவுக்கான மாறியை, கடைசியில் லாங் மாறியை. மூன்றுமே காலி என்றால் எதை எடுப்பது என்பது இயங்குதளத்தின் விருப்பம். மசல் என்ற சி மொழி நூலகம் அந்த இடத்தில் யூடிஎஃப்-8-ஐ வைத்திருக்கிறது. ஜிலிப்சி என்ற இன்னொரு சி மொழி நூலகம் சி லோக்கேலுக்கே போய்விடும். மாறிகள் எதுவும் இல்லாத கன்டெய்னர்களில் (நிரலைத் தனியே அடைத்து ஓட்டும் சூழல்களில்) தமிழ்க் கோப்புப் பெயர்கள் கேள்விக்குறிகளாகத் தெரிவது இதனால்தான்.

அங்கெல்லாம் லாங் மாறியில் சி.யூடிஎஃப்-8 என்று வையுங்கள். எழுத்துகள் சரியாகப் புரியும். எந்த நாட்டின் தேதி வடிவமும் வரிசைமுறையும் கூடவே வராது. டெபியன் லினக்ஸில் முன்பே இருந்த இது, 2022-இல் வந்த ஜிலிப்சி 2.35 முதல் அந்த நூலகத்திலேயே கிடைக்கிறது. பைத்தான் 3.7 முதல் சி லோக்கேலில் ஓடினாலும் தானாகவே யூடிஎஃப்-8-க்கு மாறிக்கொள்கிறது.

ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் எல்சி_ஆல் மாறிக்கு சி என்று போடும் பழக்கம் பலருக்கு உண்டு. அது மற்ற எல்லா அமைப்பையும் மீறிவிடும். பைட் வரிசைமுறை மட்டும் போதுமென்றால் வரிசைமுறைக்கான எல்சி_கொலேட் மாறியை மட்டும் சி ஆக்குங்கள். எல்சி_ஆல் காலியாக இருந்தால்தான் அது செல்லும்.