‘அது மூலிகைதானே, டாக்டர்?’

பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவன் ஒருவனை அவனுடைய தாயும் தாய்மாமனும் என்னிடம் அழைத்து வந்தபோது, அவர்கள் ஏற்கெனவே இரண்டு கோவில்களுக்கும் மந்திரிப்பவர் ஒருவரிடமும் போய் வந்திருந்தார்கள். பக்கத்து வீட்டார் தன் கைப்பேசி வழியாகத் தான் நினைப்பதையெல்லாம் கேட்கிறார்கள் என்று மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்த அவன், அந்தக் கைப்பேசியை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருந்தான். இரவில் தூங்குவதில்லை, தாய் சமைத்ததைத் தொடுவதில்லை. உறவினர்களை வெளியே அமரச் சொல்லிவிட்டு நான் விசாரித்தபோது, பதினாறு வயதிலிருந்து கஞ்சா புகைப்பதையும் ஓராண்டாக அது தினசரிப் பழக்கமாகிவிட்டதையும் தயங்காமல் சொன்னவன், கூடவே, “அது மூலிகைதானே, டாக்டர்? வெளிநாட்டில் மருந்தாகவே கொடுக்கிறார்களே” என்றும் கேட்டான். (இந்தக் கட்டுரையில் வரும் நோயாளிகளின் விவரங்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.)

அவன் கேட்டதில் பாதி உண்மை இருக்கிறது என்பதுதான் மனநல மருத்துவனாக எனக்குள்ள சிக்கல். பள்ளிகளில் நடக்கும் விழிப்புணர்வுக் கூட்டங்களில் ‘ஒருமுறை தொட்டாலே பைத்தியம் பிடிக்கும்’ என்று பேசுகிறோம். ஆனால் தொட்ட நண்பன் மறுநாள் வகுப்புக்கு வந்து வழக்கம்போல் உட்கார்ந்திருப்பதை மாணவர்கள் பார்க்கிறார்கள், பிறகு நாம் சொல்லும் உண்மையான எச்சரிக்கைகளையும் சேர்த்தே தள்ளிவிடுகிறார்கள். எனவே எந்தப் பொருள், எவ்வளவு, எந்த வயதில், எந்த நோய்க்கு என்ற கேள்விகளோடு இதைப் பேசுவதுதான் முறை என்று கருதுகிறேன்.

கஞ்சாச் செடியில் நூற்றுக்கும் மேற்பட்ட கன்னாபினாய்டு வேதிப்பொருள்கள் உள்ளன. போதையைத் தருவது டி.எச்.சி.; போதை தராமல் வேறு வகையில் செயல்படுவது சி.பி.டி. இஸ்ரேலைச் சேர்ந்த ரஃபேல் மெஷூலமும் யெஹியேல் காவோனியும் 1964-இல் டி.எச்.சி.-யைத் தனியே பிரித்தெடுத்தார்கள். அது போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் நம் மூளையில் ஏன் இருக்கின்றன என்ற கேள்விக்கு 1992-இல் விடை கிடைத்தது: அதைப் போன்ற ஒரு பொருளை நம் உடலே சுரக்கிறது. மெஷூலத்தின் குழுவினர் அதற்கு ‘ஆனந்தமைடு’ என்று பெயர் வைத்தார்கள். ‘ஆனந்தம்’ என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. உடல் தேவையான இடத்தில் சிறிதளவு சுரந்து உடனே சிதைத்துவிடும் ஆனந்தமைடுக்கும், மூளை முழுவதையும் மணிக்கணக்கில் நனைக்கும் டி.எச்.சி.-க்கும் உள்ள வேறுபாடு, வயலுக்கு மடை திறப்பதற்கும் ஏரிக்கரை உடைவதற்கும் உள்ள வேறுபாடுதான்.

அந்த ஏற்பிகள் நினைவு, காலவுணர்வு, உடலின் சமநிலை, பசி ஆகியவற்றைக் கவனிக்கும் பகுதிகளில் நிறைந்திருப்பதால்தான், புகைத்தவருக்கு ஐந்து நிமிடம் அரைமணியாகத் தெரிகிறது, சொல்லவந்தது பாதியில் மறந்துபோகிறது, பசி கிளம்புகிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது. மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளைத்தண்டில் அவை மிகக் குறைவு. ஹெராயின் போல அளவு மிஞ்சினால் மூச்சு நின்று உயிர் போவது கஞ்சாவில் நடப்பதில்லை என்பதற்குக் காரணம் இதுதான். ‘கஞ்சாவால் யாரும் செத்ததில்லை’ என்று இளைஞர்கள் சொல்வதன் வேரும் இதுதான். ஆனால் அந்த நிலையில் இருசக்கர வாகனம் ஓட்டுபவரின் ஆபத்தையோ, ஏற்கெனவே இதயக் குழாய் அடைப்பு உள்ளவரின் ஆபத்தையோ அந்த வாதம் கணக்கில் சேர்ப்பதில்லை. கஞ்சா இலையை அரைத்துச் செய்யும் பாங்கு என்ற பானம் போல வாயால் உட்கொள்ளும்போது ஏறுவதற்கு ஒன்று, இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். ‘ஒன்றும் ஏறவில்லையே’ என்று இரண்டாம் குவளையையும் குடித்துவிட்டு, நள்ளிரவில் சாகப்போகிறோம் என்ற பீதியுடன் அவசரப் பிரிவுக்கு வருபவர்கள் உண்டு.

இனி அந்த மாணவனின் நோய்க்கு வருகிறேன். சுவீடனில் 1969, 1970 ஆண்டுகளில் கட்டாய ராணுவப் பணிக்குச் சேர்ந்த 45,570 இளைஞர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1987-இல் வெளியானது. ஐம்பது முறைக்கு மேல் கஞ்சா பயன்படுத்தியிருந்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களைவிட ஆறு மடங்காக இருந்தது. மற்றக் காரணங்களைக் கழித்துப் பார்த்தபோது அந்த மடங்கு குறைந்ததே தவிர மறையவில்லை. ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் பதினோரு இடங்களில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு, பத்து சதவீதத்துக்கு மேல் டி.எச்.சி. உள்ள வீரியமிக்க கஞ்சாவைத் தினமும் பயன்படுத்துபவர்களிடம் மனநோய்க்கான வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று கண்டது. கஞ்சா பயன்படுத்தும் பெரும்பாலோருக்கு மனச்சிதைவு வருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். யாருக்கு வரும் என்பதை முன்கூட்டியே சொல்லும் பரிசோதனை எதுவும் எங்களிடம் இல்லை. குடும்பத்தில் மனநோய் இருந்திருக்கிறதா, எந்த வயதில் தொடங்கினார், எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு வீரியம் என்பவை மட்டுமே கைக்குக் கிடைக்கும் தடயங்கள். மூளை இருபத்தைந்து வயதை ஒட்டித்தான் முழு வளர்ச்சியை எட்டுகிறது என்பதால், பதினாறில் தொடங்கியவனையும் முப்பதில் தொடங்கியவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ‘தாத்தா காலத்தில் சாமியார்கள் குடிக்கவில்லையா’ என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: அமெரிக்காவில் பறிமுதலான கஞ்சாவில் 1995-இல் சராசரியாக 4 சதவீதமாக இருந்த டி.எச்.சி., 2014-இல் 12 சதவீதமாகிவிட்டது.

‘இதற்கு யாரும் அடிமையாவதில்லை’ என்பதும் தவறு. பயன்படுத்துபவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் அடிமையாகிறார். பதின்ம வயதில் தொடங்கியவர்களில் அது ஆறில் ஒருவர். நிறுத்தினால் ஓரிரு நாளில் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை, மிரட்டும் கனவுகள் தொடங்கி, முதல் வாரத்தில் உச்சத்தை அடைந்து, பெரும்பாலும் இரண்டு வாரங்களில் தணிகின்றன. இந்த நாள்களில்தான் வீட்டார் தடுமாறுகிறார்கள். “குடித்தால் அமைதியாக இருக்கிறான், நிறுத்தினால்தான் வெறி பிடிக்கிறது, சார்” என்று ஒரு தந்தை தானே காசு கொடுத்து அனுப்பியிருந்தார். நிறுத்தியதால் வந்த அந்தத் தற்காலிகத் துன்பத்தை அவர் மகனின் சுபாவம் என்று நினைத்துவிட்டார்.

அதிகம் பேசப்படாத இன்னொரு பாதிப்பு விடாத வாந்தி. இருபத்தாறு வயது இளைஞர் ஒருவர் ஓராண்டில் மூன்று முறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, எண்டோஸ்கோப்பியும் ஸ்கேனும் எடுத்து, எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லப்பட்டு, ‘மனப்பிரச்சினையாக இருக்கலாம்’ என்று என்னிடம் அனுப்பப்பட்டார். வாந்தி வரும் நாள்களில் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் மணிக்கணக்கில் குளித்தால் மட்டும் குறைகிறது என்று அவர் மனைவி சொன்னபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. நீண்டகாலக் கஞ்சாப் பழக்கத்தால் வரும் இந்த நோயை ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 2004-இல் விவரித்தார்கள். வெந்நீர்க் குளியல் அதன் கையொப்பம். கஞ்சாவை முழுமையாக நிறுத்துவதே இதற்கு நிலையான தீர்வு.

மருத்துவப் பயன்களைப் பொறுத்தவரை, அந்த வரலாற்றின் ஒரு முக்கியப் பக்கம் நம் நாட்டிலேயே எழுதப்பட்டது. கல்கத்தாவில் பணியாற்றிய வில்லியம் புரூக் ஓ'ஷாக்னசி என்ற மருத்துவர் 1839-இல் ரணஜன்னிக்கும் (டெட்டனஸ்) பச்சிளம் குழந்தையின் வலிப்புக்கும் கஞ்சாச் சாற்றைக் கொடுத்துப் பார்த்து எழுதிய பிறகுதான் அது மேற்கத்திய மருத்துவத்தில் பரவலாக அறியப்பட்டது. 1985-இல் அமெரிக்கா, கீமோதெரபியால் வரும் கட்டுப்படாத வாந்திக்கு டிரோனாபினால், நபிலோன் என்ற மாத்திரைகளை அனுமதித்தது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயில் வரும் தசை விறைப்புக்கு வாயில் தெளிக்கும் மருந்தொன்றை பிரிட்டன் 2010-இல் அனுமதித்தது. எல்லாவற்றிலும் தெளிவான சான்று குழந்தைகளின் வலிப்பில் கிடைத்தது: டிராவே நோய்க்குறி என்ற கடுமையான வலிப்பு நோய் உள்ள பிள்ளைகளுக்குத் தூய சி.பி.டி. கொடுத்துப் பார்த்த 2017-ஆம் ஆண்டு ஆய்வில், மாதத்துக்கு 12.4 ஆக இருந்த வலிப்பின் இடைநிலை எண்ணிக்கை 5.9 ஆகக் குறைந்தது. ஒப்பீட்டுக்காக, மருந்தே இல்லாத வெற்று மருந்து பெற்றவர்களிடம் 14.9 என்பது 14.1 ஆனது. அடுத்த ஆண்டே அமெரிக்கா அந்த மருந்தை அனுமதித்தது. நீண்டகால நரம்பு வலிக்கு ஓரளவு பலன் தெரிகிறது. பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் சான்று மெலிந்தது. இளைஞர்கள் பெரும்பாலும் அவற்றுக்காகத்தான் புகைப்பதாகச் சொல்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

இந்த மருந்துகள் எல்லாம் மில்லிகிராம் கணக்கில் அளந்து தரப்படுபவை. வலிப்பு நோயுள்ள மகளுக்காக இணையத்தில் வாங்கிய எண்ணெய்க் குப்பியை ஒரு தாய் என்னிடம் காட்டினார், அதில் சி.பி.டி. எவ்வளவு, டி.எச்.சி. எவ்வளவு என்று எதுவும் அச்சிடப்பட்டிருக்கவில்லை. அந்தக் குழந்தை ஏற்கெனவே குளோபசாம், வால்புரோயேட் என்ற இரண்டு வலிப்பு மருந்துகளை எடுத்துக்கொண்டிருந்தது. சி.பி.டி. முதலாவதன் அளவை இரத்தத்தில் உயர்த்திக் குழந்தையை மயக்கத்தில் ஆழ்த்தலாம், இரண்டாவதோடு சேர்ந்து கல்லீரலைப் பாதிக்கலாம் என்று விளக்கி, அவரை நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினேன். சித்த மருத்துவத்தில் கோரக்கர் மூலி என்ற பெயரில் இச்செடி இருப்பது உண்மையே. அங்கும் அது சுத்தி செய்து, மற்றச் சரக்குகளோடு சேர்த்து, மருத்துவரின் மேற்பார்வையில் தரும் மருந்து.

சட்டத்துக்கு அஞ்சியே பலர் சிகிச்சைக்கு வருவதில்லை என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி கஞ்சா வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் குற்றம். ஆனால் பயன்படுத்திய குற்றத்துக்கோ சிறிய அளவு வைத்திருந்த குற்றத்துக்கோ உள்ளான அடிமை, அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால், அவருக்கு வழக்கிலிருந்து விலக்கு அளிக்க 64-ஏ பிரிவு இடம் தருகிறது.

அந்த மாணவன் பன்னிரண்டு நாள் உள்நோயாளியாக இருந்தான். மருந்தால் சந்தேகங்கள் அடங்கின. நான்கு மாதம் கழித்து நண்பனின் பிறந்தநாளில் மீண்டும் புகைத்தான், ஒரே வாரத்தில் கைப்பேசி அரிசிப் பானைக்குத் திரும்பியது. இம்முறை தாய் கோவிலுக்குப் போகாமல் மறுநாளே அழைத்து வந்துவிட்டதால், மருத்துவமனையில் சேர்க்காமலேயே சரிசெய்ய முடிந்தது. உங்கள் வீட்டில் ஒருவர் தூக்கத்தை இழந்து, தனக்குள் பேசி, காரணமின்றி வீட்டாரைச் சந்தேகிக்கத் தொடங்கினால், கஞ்சா காரணமோ இல்லையோ, முதல் வாரத்திலேயே அழைத்து வாருங்கள். மருத்துவமனை தொலைவில் இருந்தால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணையோ, 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணையோ கட்டணமின்றி அழைக்கலாம்.