லைசென்ஸ்: ஆசிரியருக்கு உரிமமா, சான்றிதழா?

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பள்ளி ஆசிரியர்களைப் பற்றிய விதிகள், மாநில விதித்தொகுப்பின் இரண்டு தனித்தனி அதிகாரங்களில் (இயல்களில்) அமைந்துள்ளன. 8710 என்ற எண் கொண்ட அதிகாரம் ஆசிரியர் லைசென்ஸை யாருக்கு வழங்கலாம் என்பதைச் சொல்கிறது. 8705 என்ற அதிகாரம், ஆசிரியர்களை உருவாக்கும் படிப்புகளுக்கு எந்த அடிப்படையில் ஏற்பு வழங்கலாம் என்பதைச் சொல்கிறது. இவற்றில் ஒரு திருத்தம் முன்மொழியப்பட்டு, அதைப் பற்றித் தமிழில் எழுத நேர்ந்தால், இரண்டையும் ‘ஆசிரியர் சான்றிதழ் விதிகள்’ என்று ஒரே பெயருக்குள் அடக்கிவிடத் தோன்றும். அப்படி எழுதிவிட்டால், அந்தத் திருத்தம் எதைப் பற்றியது என்பதே வாசகருக்குப் புரியாமல் போய்விடும். ஏனென்றால் அங்கே நடக்கும் வாதம் முழுவதும், ஒருவர் பயிற்சி பெற்றவரா என்ற கேள்விக்கும், அவர் வகுப்பெடுக்க அரசு இசைந்திருக்கிறதா என்ற கேள்விக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றியதுதான்.

அந்த லைசென்ஸில் என்ன இருக்கிறது என்று பார்த்தாலே பாதி விளங்கிவிடும். ஆசிரியரின் பெயர், அவருக்கான கோப்பு எண், லைசென்ஸ் எந்தப் படியைச் சேர்ந்தது, எந்தப் பாடம், எந்த வகுப்பு முதல் எந்த வகுப்பு வரை, என்றைக்குக் காலாவதியாகிறது என்பவையே அதில் முக்கியமானவை. கணிதம் என்றால் 5 முதல் 12ஆம் வகுப்பு வரை. இயற்பியல் என்றால் 9 முதல் 12 வரை. காலாவதி நாள் ஜூன் 30. இவர் இன்ன கல்லூரியில் படித்துத் தேறினார் என்று சாட்சி சொல்வது இதன் வேலையன்று. இன்ன பாடத்தை, இன்ன வகுப்புகளுக்கு, இன்ன நாள்வரை கற்பிக்கலாம் என்று எல்லை வகுத்துக் கொடுப்பதே இதன் வேலை.

மின்னசோட்டாவில் இந்த வேறுபாடு பெரும் சிக்கலாகவே வளர்ந்தது. 2016இல் அம்மாநிலச் சட்டமன்றத்தின் தணிக்கையாளர் அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, விதிவிலக்குகள் பெருகிப்போய் லைசென்ஸ் முறையே சிக்கலாகவும் குழப்பமாகவும் ஆகிவிட்டதென்று கண்டித்தது. 2017இல் சட்டம் மாற்றப்பட்டு, இதற்கெனத் தனி வாரியம் ஒன்று நிறுவப்பட்டது. 2018 ஜூலை முதல் நான்கு படிகள் கொண்ட முறை நடைமுறைக்கு வந்தது. முதற்படி லைசென்ஸ் ஓராண்டுக்கு மட்டுமே செல்லும். பொதுவாக இளநிலைப் பட்டம் ஒன்றும், பள்ளி நிர்வாகத்தின் பணி வாய்ப்பும், இதற்கு மேலுள்ள படிகளில் பொருத்தமான ஆசிரியர் கிடைக்கவில்லை என்ற அந்த நிர்வாகத்தின் உறுதிமொழியும் இருந்தால் போதும். ஆசிரியர் பயிற்சி முடித்திருக்கத் தேவையில்லை. இரண்டாம் படி ஈராண்டுக்கும், மூன்றாம் படி மூன்றாண்டுக்கும், நான்காம் படி ஐந்தாண்டுக்கும் செல்லும். நான்காம் படிக்கு ஆசிரியர் பயிற்சியும், குறைந்தது மூன்றாண்டுக் கற்பித்தல் அனுபவமும் கட்டாயம்.

இதில் முதற்படியில் இருப்பவரைத் தமிழில் ‘சான்றிதழ் பெற்ற ஆசிரியர்’ என்று எழுதினால், அவர் பெறாத பயிற்சியைப் பெற்றதாகவே எவரும் எண்ணுவர். ‘சான்றிதழ் இல்லாத ஆசிரியர்’ என்று எழுதினாலோ, சட்டத்தை மீறி வகுப்பெடுக்கிறார் என்று பொருளாகிவிடும். இரண்டுமே அவருக்கு இழைக்கும் அநீதி. அவர் உரிமம் பெற்றவர், ஆனால் பயிற்சி பெறாதவர். இந்த ஒரு தொடரைப் பிழையின்றிச் சொல்ல இரண்டு வேறு சொற்கள் வேண்டியிருக்கின்றன.

லைசென்ஸ் என்பது இலத்தீன் மொழியின் ‘லிசென்டியா’விலிருந்து வந்தது. ‘செய்யலாம், தடையில்லை’ என்று பொருள்படும் ‘லிசெட்’ என்ற வினையே அதன் வேர். வாகனம் ஓட்டவும் கடை நடத்தவும் இந்தச் சொல் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, ஐரோப்பாவில் அது கற்பித்தலோடு ஒட்டியிருந்தது என்பது பலர் கவனிக்காத செய்தி. ‘லிசென்டியா டோசெண்டி’, அதாவது கற்பிப்பதற்கான இசைவு, பேராலயங்களின் கல்விப் பொறுப்பாளர்கள் கையில் இருந்தது. 1179இல் கூடிய கத்தோலிக்கத் திருச்சபையின் மூன்றாம் லாட்டரன் திருச்சங்கம், இந்த இசைவை வழங்கக் காசு வாங்கக் கூடாது என்றும், தகுதியுள்ளவருக்கு மறுக்கக் கூடாது என்றும் கட்டளையிட்டது. எந்த ஊரிலும் கற்பிக்கலாம் என்ற விரிந்த இசைவைத் துலூஸ் பல்கலைக்கழகத்தில் தேறியவர்களுக்குத் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி 1233இல் அளித்தார். நாளடைவில் அந்த இசைவே பட்டமாக இறுகியது. பிரான்சில் இன்றும் இளநிலைப் பட்டத்தின் பெயர் லைசென்ஸ்தான்.

அந்த இறுகிய பொருள் நம் ஊருக்கும் வந்தது. சென்னை மாகாணத்துத் தலைமையாசிரியர்களின் பெயர்ப்பலகைகளில் ‘பி.ஏ., எல்.டி.’ என்று எழுதியிருக்கும். எல்.டி. என்பது ‘லைசென்ஷியேட் இன் டீச்சிங்’ என்பதன் சுருக்கம். கற்பிக்க லைசென்ஸ் பெற்றவர் என்பதே சொற்பொருள். ஆனால் அதற்குக் காலாவதியும் இல்லை, புதுப்பித்தலும் இல்லை. அது பல்கலைக்கழகம் வழங்கிய ஒரு தகுதி. சொல்லில் உரிமம், செயலில் சான்று. ஆசிரியரைப் பொறுத்தவரை சான்றிதழ் என்ற சொல்லே நம் நாவில் முதலில் வருவதற்கு இந்த வழக்கமும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

அமெரிக்க மாநிலங்களும் இதில் ஒரே சொல்லைப் பயன்படுத்துவதில்லை. மின்னசோட்டா லைசென்ஸ் என்கிறது. டெக்சாஸ் சர்ட்டிஃபிகேட் என்கிறது. கலிஃபோர்னியா கிரெடென்ஷியல் என்கிறது. சர்ட்டிஃபிகேட் என்பது ‘உறுதியாக்குவது’. கிரெடென்ஷியல் என்பது ‘நம்பிக்கைக்கு உரியதாக்குவது’. ஆயினும் மூன்றும் செய்யும் வேலை ஒன்றே. டெக்சாஸில் 1999 செப்டம்பருக்கு முன் வாழ்நாள் முழுவதும் செல்லும் சர்ட்டிஃபிகேட்டுகள் தரப்பட்டன. பின்னர் வந்தவர்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க வேண்டியதாகவும், அரசு நீக்கக்கூடியதாகவும் இருப்பதைச் சொல் எதுவானாலும் தமிழில் உரிமம் என்றே எழுத வேண்டும். இதற்கு மாறாக, 1987இல் தொடங்கிய தேசியக் கற்பித்தல் தரநிலை வாரியம் தருவது மெய்யாகவே சான்றிதழ். அந்த வாரியம் அரசின் அமைப்பு அன்று; விரும்பிய ஆசிரியர் தம் திறத்தை மெய்ப்பித்துப் பெறலாம்; பெறாவிட்டாலும் வகுப்பெடுக்கத் தடையில்லை.

உரிமம் என்ற சொல்லுக்கு ஒரு மறுப்பு உண்டு. ‘உரி’ என்ற அடியிலிருந்தே உரிமையும் பிறந்திருக்கிறது. உரிமை என்பது ஒருவருக்கு இயல்பாக உள்ளது, லைசென்ஸோ பிறர் கொடுத்துப் பிறரே எடுத்துக்கொள்வது. ஆகவே ‘இசைவு’ அல்லது ‘அனுமதி’யே பொருந்தும் என்பர். இலங்கைத் தமிழர் ‘சாரதி அனுமதிப்பத்திரம்’ என்று வழங்குவது இந்த வகையில் மூலப்பொருளுக்கு மிக நெருங்கியது. அதைத் தவறென்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தமிழ்நாட்டில் ‘ஓட்டுநர் உரிமம்’ அரசு அலுவலகம் முதல் தெருவரை வேரூன்றிவிட்டது. உரிமத்தைப் புதுப்பிக்கிறோம், இடைநிறுத்துகிறோம், இரத்து செய்கிறோம். இந்த வினைகள் எல்லாம் அதோடு இயல்பாகச் சேர்கின்றன. ‘தற்காலிகச் சான்றிதழ்’ என்றால் பட்டமளிப்புக்கு முன் பல்கலைக்கழகம் தரும் தாளையே நம் மாணவர் நினைப்பர்; ‘தற்காலிக உரிமம்’ என்றால் அந்த மயக்கம் வராது.

இந்தியாவில் ஆசிரியர் உரிமம் என்று ஒன்று இல்லை. ‘தகுதி’ என்ற சொல்லே அந்த இடத்தில் இருக்கிறது. ஆசிரியர் தகுதித் தேர்வின் சான்றிதழ் முதலில் ஏழாண்டு செல்லுபடியானது. 2021இல் அது வாழ்நாள் முழுவதற்குமாக ஆக்கப்பட்டது. ஆனால் 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், சிறுபான்மையினர் நடத்தாத பள்ளிகளில் 1 முதல் 8ஆம் வகுப்பு வரை கற்பிக்கும், ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் ஈராண்டுக்குள் இத்தேர்வில் தேறினால்தான் பணியில் நீடிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. இருபதாண்டு வகுப்பெடுத்த ஒருவருக்கு அந்தத் தாள் இனி வெறும் சான்று அன்று. வகுப்பறைக்குள் நுழைய அரசு தரும் இசைவு. தகுதி என்ற பெயருக்குள் உரிமத்தின் வேலை புகுந்துவிட்டது என்பதைத் தமிழ் நாளிதழ்கள் தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

இனி 8705ஆம் அதிகாரத்தின் சொல்லான ‘டீச்சர் பிரிப்பரேஷன்’. அதை ‘ஆசிரியர் தயாரிப்பு’ என்று பெயர்த்தல் ஆகாது. தயாரிப்பு என்பது தொழிற்சாலைக்கும் திரைப்படத்துக்கும் உரியது. ஓர் அனுபவ ஆசிரியரின் மேற்பார்வையில் 12 வாரம் வகுப்பில் நின்று கற்பித்துப் பழகுவதும் அந்தப் படிப்பில் அடங்கும். ஒன்றைச் செய்துசெய்து பழகுவதற்குத் தமிழில் பயிற்சி என்றே பெயர். எனவே இரு அதிகாரங்களிலும் திருத்தம் வரும்போது, ‘ஆசிரியர் உரிமம், ஆசிரியர் பயிற்சி ஆகியவற்றின் விதிகளுக்கு முன்மொழியப்பட்ட திருத்தங்கள்’ என்று தலைப்பிட்டு எழுதலாம்.