சென்சார்: தணிக்கையா, உணரியா?

புதுக் கைப்பேசியைத் திறந்ததும் திரையில் வந்த தமிழ் வரி: "விரலைத் தணிக்கையின் மேல் வைக்கவும்." விரல் என்ன குற்றம் செய்தது? கார்க் கையேடு ஒன்றிலும் "பின்புறத் தணிக்கை பழுது" என்று பார்த்தாயிற்று. இனிப் பொறுப்பதற்கில்லை.

உணரும் கருவி sensor, படத்தை வெட்டுபவர் censor. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒலி ஒன்று, எழுத்து வேறு. தமிழில் எழுதும்போது அந்த வேறுபாடும் போய் இரண்டும் சென்சார் ஆகிவிடுகின்றன. பிறப்பில் ஒட்டுறவே கிடையாது. கருவியின் பெயர், 'உணர்' என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. வெட்டுகிற சென்சார் 'மதிப்பிடு' என்னும் வினைவழி வந்தவர். பழைய ரோமில் அது ஒரு பதவி. குடிமக்களையும் சொத்தையும் கணக்கெடுப்பார். ஒழுக்கம் தவறிய செனட்டரின் பெயரைப் பட்டியலிலிருந்து அடிப்பார். சென்சஸ் இவருடைய உடன்பிறப்பு. கணக்கைச் சரிபார்ப்பதற்கும் படத்தை வெட்டுவதற்கும் தமிழில் தணிக்கை ஒன்றே இருப்பதைக் குறை சொல்வார்கள். அந்த ரோமானியருக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை!

கருவிக்கு உணரி போதும். தாங்குவது தாங்கி, காட்டுவது காட்டி, வெட்டுவது வெட்டி, உணர்வது உணரி. சிலர் 'உணர்வி' என்று எழுதுகிறார்கள். அறி என்பது அறிவி ஆனால் பிறருக்கு அறியச் செய்வது. செய் என்பது செய்வி ஆனால் பிறரைச் செய்ய வைப்பது. உணர்வி என்றதும் எனக்கு யாரையோ உணர வைக்கச் சொல்லும் ஏவல்தான் கேட்கிறது. கல்வி, கேள்வி இல்லையா என்று மடக்குவார்கள். அவை செயலின் பெயர்கள். கற்பவரையோ கேட்கும் காதையோ குறிப்பவை அல்ல.

இன்னொரு கூட்டம் 'உணர்திறன் கருவி' என்கிறது. உணர்திறன் என்பது கருவியின் தன்மை. அவர்கள் வழியில் போனால் "அதிக உணர்திறன் கொண்ட உணர்திறன் கருவி" என்று எழுத வேண்டிவரும். எழுதியும் இருக்கிறார்கள்.

பேசும்போது கைப்பேசியைக் காதருகே கொண்டுபோனால் திரை அணைகிறதே, அது அண்மையுணரியின் வேலை. திரையின் மேல்விளிம்பை, உணரி இருக்கும் இடம் பார்த்து, கட்டைவிரலால் மறைத்தாலும் அணையும். ஒளியுணரி, புகையுணரி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். சொல் எங்கும் முரண்டு பிடிப்பதில்லை.

மொழிபெயர்ப்பவர்கள் வாக்கியத்தைப் படிப்பதில்லை, சொல்லை மட்டும் பிடுங்கி அகராதியின் முதல் வரியை ஒட்டிவிடுகிறார்கள். எந்திரம் பெயர்த்தது என்று சாக்குச் சொன்னால், வெளியிடுமுன் ஒரு முறை வாய்விட்டுப் படிக்கவும் எந்திரமா வரவேண்டும்? உணரி பிடிக்கவில்லையா, சென்சார் என்றே எழுதிவிட்டுப் போங்கள். ஏதோ கருவி என்றாவது புரியும்.