கொழுப்பு மாத்திரையும் டிபி மாத்திரையும்: கல்லீரலைக் கெடுப்பது யார்?

டர்பன் பக்கம், சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ, வயது ஐம்பதைத் தாண்டியவர் இருக்கும் நம்மவர் வீட்டில் சிம்வாஸ்டாடின் என்ற கொழுப்பு மாத்திரை அட்டை ஒன்று கிடப்பது சகஜம். தென்னாப்பிரிக்காவில் டிபி எனும் காசநோயும் அதிகம் என்பதால், ஒரே ஆள் இரண்டுக்கும் மருந்து சாப்பிட நேர்வதில் அதிசயமில்லை. நடுவில் கல்லீரல் கெட்டுப்போனால் வீட்டில் எல்லோரும் கொழுப்பு மாத்திரையைத்தான் திட்டுவார்கள், பெரும்பாலும் அது தப்பான ஆளைப் பிடிக்கிற கதைதான்.

வழக்கமான டிபிக்கு முதல் 2 மாதம் நான்கு மருந்துகள்: ரிஃபாம்பிசின், ஐசோனியசிட், பைராசினமைடு, எத்தாம்பியூட்டால். நான்கையும் ஒரே மாத்திரையில் அடைத்து, உடல் எடைக்கு ஏற்ப எண்ணிக் கொடுப்பார்கள். அப்புறம் 4 மாதம் முதல் இரண்டு மட்டும். எத்தாம்பியூட்டால் வம்பு செய்வது கண்ணில், கல்லீரலை அநேகமாகத் தொடாது. மற்ற மூன்றும் தொடும், அதில் பைராசினமைடு ரொம்ப மோசம். ஐசோனியசிட் கல்லீரலில் உடையும்போது நச்சுத் துணுக்குகள் உருவாகின்றன. அவற்றை வெளியேற்ற உதவும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே மந்தம், இந்திய வம்சாவளியினரில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர்.

ரிஃபாம்பிசின் செய்வது வேறு வேலை. கல்லீரல் செல்லுக்குள் பிஎக்ஸ்ஆர் என்ற உணரி இருக்கிறது; ரிஃபாம்பிசின் அதைத் தட்டி எழுப்பினால், மருந்துகளை உடைக்கும் சிஒய்பி3ஏ4 நொதியைச் செல் அள்ளி அள்ளி உற்பத்தி செய்யும், ஒன்றிரண்டு வாரத்தில் அது உச்சத்துக்குப் போய்விடும். சிம்வாஸ்டாடினை உடைப்பதும் அதே நொதிதான். ஆக, ரத்தத்தில் சேரும் மருந்து 80 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடுகிறது. கல்லீரலைக் கெடுக்கும் அளவுக்கு அது அங்கே தங்குவதே இல்லை!

இதில்தான் ஒரு பொறி இருக்கிறது. கொலஸ்ட்ரால் ஏறுகிறதே என்று, டிபி மாத்திரை பற்றித் தெரியாத இன்னொரு டாக்டர் டோஸைக் கூட்டிவிடுவார். ஆறு மாதம் முடிந்து ரிஃபாம்பிசின் நின்றதும் இரண்டு வாரத்துக்குள் நொதி பழைய அளவுக்கு இறங்கிவிடும், கூட்டிய டோஸ் மட்டும் அப்படியே உடம்பில் ஏறும். தசைவலியும் கல்லீரல் தொல்லையும் வருவதற்கான வாய்ப்பு அப்போதுதான் கூடுகிறது, அதாவது எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாக இருக்கும் நேரத்தில்.

இன்னொரு கொழுப்பு மாத்திரையான அட்டோர்வாஸ்டாடின் விஷயம் இன்னும் வேடிக்கை. அது கல்லீரலுக்குள் நுழையும் வாசலையும் ரிஃபாம்பிசின் அடைப்பதால், சில மணி நேரம் தள்ளிச் சாப்பிட்டால் ரத்தத்தில் அதன் அளவு குறைகிறது, சேர்த்துச் சாப்பிட்டால் அப்படிக் குறைவதில்லை. அதனால் சேர்த்தே விழுங்கச் சொல்கிறது மருந்துக் குறிப்பு.

சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனால் பயப்பட வேண்டாம், அது ரிஃபாம்பிசினின் நிறம். கண் மஞ்சளானாலோ, வாந்தியும் பசியின்மையும் சேர்ந்து வந்தாலோ அன்றைக்கே கிளினிக்குக்குப் போக வேண்டும். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து நாள் கடத்தக் கூடாது. கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஏஎல்டி என்ற ரத்த அளவு, அறிகுறி இருந்தால் இயல்பு உச்சத்தைப் போல 3 மடங்கையும், இல்லாவிட்டால் 5 மடங்கையும் தாண்டும்போது டிபி மருந்தை டாக்டர்கள் நிறுத்துவார்கள். அளவு இறங்கிய பிறகு சில நாள் இடைவெளியில் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்து எது காரணம் என்று பார்ப்பார்கள், பாதிப்பு கடுமையாக இருந்திருந்தால் பைராசினமைடைப் பெரும்பாலும் திரும்பத் தொடுவதில்லை.