லினக்ஸில் ஆண்ட்ராய்டு ஆப்: கர்னல் ஏற்கெனவே கையில் இருக்கிறது

ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய லேப்டாப் வாங்கி லினக்ஸ் போட்டவர்கள் சீக்கிரமே கேட்கும் கேள்வி, "இதில் ப்ளூஸ்டாக்ஸ் ஓடுமா?" ஓடாது, கணினியில் ஆண்ட்ராய்டு ஆப்களை ஓட்டும் அந்த மென்பொருளுக்கு லினக்ஸ் பதிப்பே கிடையாது. தேவையும் இல்லை என்பேன். விண்டோஸில் இந்த மாதிரி மென்பொருள்கள் ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்கி, அதற்குத் தனியாக ராம் ஒதுக்கி, உள்ளே இன்னொரு கர்னலை, அதாவது வன்பொருளை நிர்வகிக்கும் மையப் பகுதியை, ஓட்டியாக வேண்டும். ஆண்ட்ராய்டின் கர்னலோ லினக்ஸ்தான். அது உங்கள் கணினியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது.

2021-இல் வந்த வேட்ராய்டு என்ற லினக்ஸ் மென்பொருள் இதைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. லினேஜ் ஓஎஸ் என்ற திறமூல ஆண்ட்ராய்டு வகையை அடிப்படையாகக் கொண்ட ஒரு ஆண்ட்ராய்டை அப்படியே கன்டெய்னர் என்ற தனி அடைப்புக்குள் வைத்துவிடுகிறது. ஒரே வீட்டில் தனிக்குடித்தனம் மாதிரி: கர்னல் பொது, ஆனால் உள்ளே இருக்கும் ஆண்ட்ராய்டுக்குத் தன் கோப்புகளும் தன் ப்ராசஸ்களும் மட்டுமே தெரியும்.

அப்படியானால் ஏபிகே கோப்பை (ஆப்பின் இன்ஸ்டால் கோப்பு) நேரடியாகவே ஓட்டலாமே என்றால், முடியாது. கர்னல் ஒன்றானாலும் அதற்கு மேலே இருப்பதெல்லாம் வேறு. நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை சி நூலகம் நம் டெஸ்க்டாப்பில் பொதுவாக ஜிலிப்சி, அங்கே பயோனிக். அதைவிட முக்கியம் பைண்டர், ஆண்ட்ராய்டின் ப்ராசஸ்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வழி. கேமரா வேண்டும், இருப்பிடம் வேண்டும், நோட்டிஃபிகேஷன் காட்ட வேண்டும் என்று ஒரு ஆப் எதைக் கேட்டாலும் அந்தக் கோரிக்கை பைண்டர் வழியாகத்தான் சிஸ்டம் சர்வீஸுக்குப் போய்ச் சேரும். பைண்டரின் நிரல் லினக்ஸ் கர்னலிலேயே இருக்கிறது, ஆனால் சில டிஸ்ட்ரோக்கள், அதாவது லினக்ஸ் தொகுப்புகள், அதை அணைத்துவிட்டுத்தான் கர்னலைத் தருகின்றன. அங்கே வேட்ராய்டு கிளம்பவே கிளம்பாது, என்னதான் திரும்பத் திரும்ப இன்ஸ்டால் செய்தாலும் சரி.

திரைக்கு வேலேண்ட் வேண்டும், லினக்ஸில் ஜன்னல்களைத் திரையில் காட்டும் புதிய முறை அது. இன்டெல், ஏஎம்டி கிராஃபிக்ஸ் என்றால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. என்விடியாவின் சொந்த டிரைவர் என்றால் கொஞ்சம் தலைவலிதான்.

அப்புறம் சிப். போனில் ஆர்ம், நம்மிடம் எக்ஸ்86. ஜாவாவிலோ கோட்லினிலோ மட்டும் எழுதிய ஆப்களுக்கு இது பொருட்டே இல்லை, ஏனென்றால் அவை டெக்ஸ் என்ற பொதுவான வடிவத்தில் வருகின்றன, எந்தச் சிப்பில் இருக்கிறோமோ அதற்கேற்ப ஆண்ட்ராய்டு ரன்டைம் அவற்றை மாற்றிக்கொள்ளும். சிக்கல் கேம்களில். வேகத்துக்காக சி++-இல் எழுதி ஆர்முக்கென்றே கம்பைல் செய்த பகுதிகள் அவற்றில் இருக்கும். அவற்றை ஓடும்போதே மொழிபெயர்க்க இன்டெலின் லிப்ஹூடினியோ கூகுளின் லிப்என்டிகேவோ தனியாகச் சேர்க்க வேண்டும். அதிலும் வேகம் குறையும், சில கேம்கள் திறந்ததுமே மூடிக்கொள்ளும்.

பேங்க் ஆப்களை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். இது சான்றளிக்கப்பட்ட போன்தானா என்று கூகுளின் ப்ளே இன்டெக்ரிட்டி சோதனை மூலம் பார்த்துவிட்டுப் பல ஆப்கள் கதவைச் சாத்திவிடும். யுபிஐக்கு சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் வேறு போக வேண்டும். மெட்ரோ டிக்கெட் ஆப் ஒருவேளை திறக்கலாம். ஆனால் ஆலந்தூர் கேட்டில் லேப்டாப்பைத் தூக்கிப் பிடித்து க்யூஆர் காட்டப்போவது யார்? படிக்க, பாட்டுக் கேட்க, குறிப்பெடுக்க உதவும் ஆப்கள்தான் இதில் நன்றாக ஓடும். சொந்தமாக ஆப் எழுதிச் சோதிப்பவர்களுக்கு ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவின் எமுலேட்டரே மேல், ராம் அதிகம் தின்றாலும் வெவ்வேறு ஆண்ட்ராய்டு பதிப்புகளில் ஓட்டிப் பார்க்கலாம்.