லாரி சீட்டை இறுக்கி வைக்காதீர்கள்

"சீட் ஆடினால் இடுப்பு போய்விடும் சார், அதனால்தான் இறுக்கி வைத்திருக்கிறேன்." இந்த வாரம் வந்த ஓட்டுநரும் இதையேதான் சொன்னார். நாமக்கல் பக்கம் இயன்முறை மருத்துவம் பார்ப்பவனுக்கு லாரிக்காரர்களின் இடுப்பு வலி புதிதல்ல. ஆனால் இந்த ஒரு பேச்சைக் கேட்டால் எனக்குப் பொறுமை போய்விடுகிறது.

அவருக்கு வலி கெண்டைக்கால் வரை இழுத்தது. வண்டி வாசலிலேயே நின்றதால் ஏறிப் பார்த்தேன். சீட்டுக்கு அடியில் உள்ள ஸ்பிரிங்கை உட்காருபவரின் எடைக்கு ஏற்ப வைக்கும் எடைக் குமிழின் மேல் படிந்திருந்த அழுக்கைத் துடைத்தால் முள் 130 கிலோவில் நின்றது. அவர் எடை 60 கிலோ. போதாக்குறைக்கு, சீட்டைத் தாங்கி மேலும் கீழும் மடங்கும் குறுக்குக் கால்களுக்கு நடுவே ஒரு மரக்கட்டையைச் செருகி, பழைய டியூபால் கட்டியிருந்தார்கள்.

ஐயா, அந்தச் சீட் ஆடுவதற்காகவே செய்யப்பட்டது. அது ஆடினால்தான் உங்கள் முதுகு ஆடாமல் இருக்கும். 60 கிலோ ஆளுக்கு 130 வைத்தால் ஸ்பிரிங் அவரை மேலே தள்ளி, மேல்தடையோடு ஒட்டிவிடும். பள்ளத்தில் அசைய இடமில்லை. அதே சீட்டில் 60 வைத்து 95 கிலோ ஆள் உட்கார்ந்தால் அடியில் போய் 'டங்'கென்று இடிக்கும். இரண்டிலும் சாலையின் அடி முழுவதும் இடுப்பு எலும்புக்குத்தான். உட்கார்ந்த மனித உடல் நொடிக்கு 4 முதல் 6 முறை வரும் மேல்கீழ் அதிர்வில்தான் மிக அதிகமாகக் குலுங்குகிறது. லாரியும் டிராக்டரும் தருவது பெரும்பாலும் அதை ஒட்டிய அதிர்வைத்தான். அதை வாங்கிக்கொள்ளத்தான் அந்த ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும். கட்டை வைத்த பிறகு அது வெறும் ஸ்டூல்.

மேலே இரண்டு தலையணை போட்டுக்கொண்டால் சரியாகிவிடும் என்பார்கள். ஆகாது. பஞ்சு உட்காரும் இடத்துக்குச் சுகம் தரும், அதிர்வைத் தடுக்காது. உயரம் கூடுவதால் கால் பெடலுக்கு எட்டாமல் இடுப்பு முன்னால் சரிவதுதான் மிச்சம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2002இலேயே இதற்கு வரம்பு வைத்துவிட்டது. 8 மணி நேர வேலைக்குக் கணக்கிட்ட உடல் அதிர்வு 0.5 மீட்டர்/நொடி² தாண்டினால் முதலாளி அதைக் குறைக்க நடவடிக்கை எடுக்க வேண்டும், 1.15ஐத் தாண்டவே கூடாது. நம் ஊரில் சீட் என்பது ஓட்டுநரின் சொந்தப் பிரச்சினை.

வண்டியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள், ஓடும்போது குமிழைத் தொடாதீர்கள். வழக்கம்போல் முழு எடையோடு உட்கார்ந்து, உங்கள் எடைக்குக் குமிழைத் திருப்புங்கள். ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றில் நிற்கும் ஏர் சீட் என்றால், வண்டியின் காற்று டேங்க் நிறைந்த பிறகு திருப்புங்கள். சீட் அதன் மொத்த மேல்கீழ் ஓட்டத்தில் ஏறத்தாழ நடுவில் நிற்க வேண்டும். அதன் பிறகுதான் உயரம், முன்பின் தூரம், சாய்வு. மாற்று ஓட்டுநர் ஏறினால் அவர் தன் எடைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு நிமிட வேலை, அதற்கும் சோம்பலா? ஒரு குழிக்குப் பிறகு சீட் நிற்காமல் துள்ளிக்கொண்டே இருந்தால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது. குமிழை இறுக்குவது அதற்கு வைத்தியமல்ல. டயருக்கும் டீசலுக்கும் கணக்குப் பார்க்காத உரிமையாளர்களே, இதையும் மாற்றிக் கொடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். நான் சொல்லித்தரும் பயிற்சியெல்லாம் அந்தச் சீட்டில் ஒரு நடை போய் வந்தால் வீண்.

நீண்ட ஓட்டத்துக்குப் பின் கேபினிலிருந்து குதிக்காதீர்கள். இறங்கியதும் மூட்டை தூக்காதீர்கள். சில நிமிடம் நடந்துவிட்டுத் தொடுங்கள்.

வலியோடு இரு தொடைகளின் உட்புறமும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்தாலோ கட்டுப்பாடின்றிப் போனாலோ, என்னிடம் வர வேண்டாம், எண்ணெய் தேய்த்துக்கொண்டும் கிடக்க வேண்டாம். லோடு எங்கே நின்றாலும் நிற்கட்டும். அன்றே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.