படத்தில் இருப்பது எந்தக் கொக்கு?

வேடந்தாங்கலில் ஜனவரி மாதம் எடுத்த படம் ஒன்றை அனுப்பி, "அலகு கருப்பு, அப்படியென்றால் இது சின்னக் கொக்குதானே?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இல்லை, அது பெரிய கொக்கு. ஆனால் இந்தக் குழப்பம் வருவது இயல்பு.

நம் ஏரிகளிலும் வயல்களிலும் வெள்ளையாக நிற்பவை பெரும்பாலும் நான்கு: உண்ணிக்கொக்கு, சின்னக் கொக்கு, நடுத்தரக் கொக்கு, பெரிய கொக்கு. மாடு மேயும் இடத்தில் குட்டைக் கழுத்தும் தடித்த மஞ்சள் அலகுமாகத் திரிவது உண்ணிக்கொக்கு. கருப்பு அலகு, கருப்புக் கால், மஞ்சள் விரல் என்றால் சின்னக் கொக்கு. இவை இரண்டும் எளிது. சிக்கல் மற்ற இரண்டில்தான்.

உயரத்தை நம்ப முடியாது. பெரிய கொக்கு 90 செ.மீ.க்கு மேல் இருக்கும், நடுத்தரக் கொக்கு சுமார் 70 செ.மீ. ஆனால் தனியாக நிற்கும் பறவையின் படத்தில் அளந்து பார்க்க ஒன்றும் இருக்காது. நிறமும் கைவிடும். மற்ற மாதங்களில் மஞ்சளாக இருக்கும் இரண்டின் அலகும் இனப்பெருக்கக் காலத்தில் கருத்துவிடும். வேடந்தாங்கலில் கூடு கட்டும் பருவம் வடகிழக்குப் பருவமழையை ஒட்டியே வருகிறது. அதனால் பொங்கல் சமயத்துப் படங்களில் இந்தத் தவறு அடிக்கடி நேர்கிறது.

எந்த மாதத்திலும் மாறாத அடையாளம் ஒன்று உண்டு. அலகின் இரு பாதிகளும் சேரும் கோட்டைக் கண் பக்கமாகத் தொடர்ந்து பாருங்கள். அதுதான் வாய்ப்பிளவு. நடுத்தரக் கொக்குக்கு அது கண்ணுக்கு நேர் கீழே நின்றுவிடும். பெரிய கொக்குக்குக் கண்ணைத் தாண்டிப் பின்னால் கூர்மையாக நீளும். மெல்லிய கோடுதான், ஆனாலும் அலகு மஞ்சளோ கருப்போ, அது இருக்கும் இடம் மாறுவதில்லை. எனக்கு இதைவிடப் பிடித்த அடையாளம் வேறில்லை.

கழுத்தும் துணை நிற்கும். கொக்கு இனத்தின் கழுத்தெலும்புகளில் ஆறாவது மட்டும் நீண்டு, தனி அமைப்போடு இருக்கும். அந்த இடத்தில் மடிந்து சுருங்கும் கழுத்து, மீனைக் கண்டதும் ஈட்டிபோல் பாய்கிறது. பெரிய கொக்கின் கழுத்து உடலைவிட நீளம் என்பதால், அந்த மடிப்பு ஒடிந்த கம்புபோல் துருத்தித் தெரியும். நடுத்தரக் கொக்கின் கழுத்தோ வழுவழுப்பாக வளைந்திருக்கும். வாசகர் அனுப்பிய படத்தில் கோடு கண்ணைத் தாண்டுகிறது, கழுத்தும் ஒடிந்து நிற்கிறது.

விரலைப் பார்த்து முடிவு செய்வோம் என்றால், சேறு ஒட்டியிருந்தால் மஞ்சள் விரலும் கருப்பாகவே தெரியும். பறவை எழும்பும்வரை காத்திருந்து தொடர்ச்சியாகப் படமெடுங்கள். பறக்கும்போது பாதங்கள் வாலுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டு வரும். சின்னக் கொக்கென்றால் மஞ்சள் பளிச்சென்று தெரியும்.

படம் கெடுவதற்குப் பெரும்பாலும் வெளிச்சமே காரணம். பின்னால் இருண்ட தண்ணீர் இருந்தால் கேமரா மொத்தப் படத்தையும் வெளிச்சமாக்கப் பார்க்கும். வெள்ளை இறகு வெளுத்து, வாய்ப்பிளவுக் கோடும் அதில் கரைந்துபோகும். எக்ஸ்போஷரை, அதாவது கேமரா எடுத்துக்கொள்ளும் வெளிச்சத்தை, ஒரு ஸ்டாப் (பாதியளவு) குறைத்து வையுங்கள். செல்போனில் பறவையைத் தொட்டு, சூரியக் குறியைக் கீழே இழுத்தால் போதும். தலை பக்கவாட்டில் தெரிய வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் நுணுக்கம் அழிந்துவிடும், ஆவணமாக அனுப்புங்கள். தேதியும் ஊரும் கட்டாயம் வேண்டும்.

"கொக்கே கொக்கே பூப்போடு" என்று நகத்தைக் காட்டிப் பாடிய குழந்தைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நகத்தின் வெள்ளைப் புள்ளி பெரும்பாலும் அதன் அடிப்பகுதியில் பட்ட சிறு அடியால் வருவது. அதைச் சொல்லிவிட்டு, பறந்துபோகும் கொக்கின் கால் நிறத்தையும் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள்.

கணக்கெடுப்புப் பட்டியலில் எல்லாவற்றையும் "வெள்ளைக் கொக்கு" என்று ஒரே வரியில் எழுதுவதை நிறுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அப்படி எழுதினால், நடுத்தரக் கொக்கு ஒரு ஏரியைவிட்டே போய்விட்டாலும் எண்ணிக்கையில் தெரியாது. அதே சமயம் கோடும் காலும் தெரியாத படத்துக்கு ஊகித்துப் பெயர் வைக்காதீர்கள். பறவைகளைப் பார்த்ததைப் பதியும் இணையதளமான ஈபேர்டில் "கொக்கு இனம்" என்று பொதுவாகப் பதிய இடமிருக்கிறது.